முதுமையும் கைத்துப்பாக்கியும்

முதிய பெண்ணொருவர் தற்காப்புக்கு எத்தகைய துப்பாக்கியை வைத்திருக்கலாம் என்ற வினா அமெரிக்கர்களுக்குப் புதியதன்று. எலினோர் ரூஸ்வெல்ட்டின் கதை இதற்கு நல்ல சான்று.

1933 பெப்ரவரியில், ஜனாதிபதியாகப் பதவியேற்கவிருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட்டை மயாமியில் ஒருவன் சுட முயன்றான். அவர் தப்பினார்; காயமுற்ற சிக்காகோ நகர மேயர் செர்மாக் பின்னர் இறந்தார். ஆயினும் எலினோர் மெய்க்காவலரை ஏற்க மறுத்துத் தாமே காரோட்டித் திரிந்தார். வேறு வழியின்றி இரகசிய சேவைப் பிரிவினர் அவரிடம் ஒரு ரிவோல்வரைக் கொடுத்தனர். அவரும் குறிபார்த்துச் சுடப் பழகினார்.

ரிவோல்வர் முதுமைக்கும் ஏற்றதே. தானியங்கிக் கைத்துப்பாக்கியின் மேற்பகுதியைப் பின்னிழுக்கக் கைவலிமை வேண்டும். இதில் அவ்வாறு பின்னிழுக்க வேண்டியதில்லை. ஒரு ரவை வெடிக்கத் தவறினால் விசையை மீண்டும் அழுத்தினாற் போதும், அடுத்த ரவை வந்து நிற்கும். ஆனால் மிகவும் இலேசான ரிவோல்வர் கையை அதிகம் உதைக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது.

கணவர் 1945இல் மறைந்தபின் எலினோர் ஹைட் பார்க்கில் வாழ்ந்தார். 1957இல், தமது 72ஆவது வயதில், அங்கு கைத்துப்பாக்கி அனுமதிப்பத்திரம் பெற்றார். மறுவருடம், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகக் கற்ற டென்னசி ஹைலாண்டர் பாடசாலையில் உரையாற்றச் சென்றார். கூ கிளக்ஸ் கிளானின் மிரட்டல் அவரைத் தடுக்கவில்லை.

அவர் எவரையும் சுட்டதில்லை. வீட்டுக்குள் அஞ்சி ஒடுங்குவதற்காக அன்றி, வெளியே செல்வதற்காகவே அவர் ஆயுதம் வைத்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.