புள்ளியில் தொடங்கும் வாசிப்பு: ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளில் மும்மொழி எழுத்தறிவும் ஒலிமுறையும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மேற்குக் கரையிலுள்ள ஒரு நகரத்தின் பெயரைத் தமிழில் 'பத்து பகாட்' என்று எழுதுகிறோம். இரு சொற்களும் பகரத்தில் தொடங்குகின்றன. மலாயை எழுதும் ரோமன் எழுத்தான ரூமியிலோ இரண்டுக்கும் வெவ்வேறு முதலெழுத்து. முன்னது 'பஸ்'ஸில் கேட்கும் பகரம், பின்னது 'பல்'லில் கேட்கும் பகரம். மொழிக்கு முதலில் வரும் வல்லினம் உரமாக ஒலிக்கும் என்று தமிழ் வகுப்பில் பழகிய ஏழு வயதுப் பிள்ளை இப்பெயரைப் படித்தால் எண் பத்துதான் அதன் காதில் விழும். மலாயில் அச்சொல்லின் பொருள் கல். பத்துமலைக்கும் இதே கதைதான்.

இதைப் பிள்ளையின் பிழை என்று தள்ளிவிட முடியாது. தமிழெழுத்தின் விதியை அது சரியாகவே பின்பற்றியிருக்கிறது. கடல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இடம் நோக்கி ஒலி தானே மாறுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. இந்தச் சிக்கனம் கடன்சொற்களிடம் செல்லுபடியாவதில்லை. ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று எழுத்துமுறைகளை ஒரே ஆண்டில், பெரும்பாலும் வெவ்வேறு ஆசிரியர்களிடம் கற்கிறது. ஒலிமுறை எனப்படும் ஃபோனிக்ஸ் இவற்றுள் ஒன்றுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டது. அதை ஆங்கிலப் பாடத்தின் தனிச்சொத்தாக வைத்திருப்பதும் தவறு, அப்படியே பெயர்த்துத் தமிழ்ப் பாடத்தில் நடுவதும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கை, தொடக்க வாசிப்பை ஒலிகளைக் கூட்டும் முறையில் கற்பிக்கப் பரிந்துரைத்தது. 2011-இல் மலேசியா தொடக்கப்பள்ளிகளுக்கான புதிய கலைத்திட்டத்தை முதலாம் ஆண்டில் அறிமுகப்படுத்தியபோது, ஆங்கிலப் பாடத்தில் அம்முறை இடம்பெற்றது. எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய எழுத்துகளின் ஒலிகள் முதலில் வருகின்றன. இந்த ஆறைக் கொண்டே பல குறுஞ்சொற்களை ஆக்கிவிடலாம் என்பது காரணம். இதற்கு ஓராண்டு முன்பே, 2010-இல், லைனஸ் என்னும் எழுத்தறிவுச் சோதனைத் திட்டம் மலாய்க்கும் எண்ணறிவுக்கும் தொடங்கியிருந்தது. 2013-இல் ஆங்கிலமும் அதில் சேர்ந்தது. அந்தச் சோதனையின் படிநிலைகளை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். மலாயில் பிள்ளை எழுத்துகளை அடையாளம் கண்டதும் 'சூக்கு காத்தா' எனப்படும் அசைகளுக்குத் தாவுகிறது. ஆங்கிலத்தில் தனித்தனி ஒலியன்களைக் கூட்டவும் பிரிக்கவும் வேண்டும். தமிழிலோ அலகு உயிர்மெய். ஆக, காலையில் அசை, நண்பகலில் ஒலியன், இடையில் உயிர்மெய் என்று ஒரே பிள்ளை மூன்று அளவுகோல்களைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இவ்வளவு நுண்மையான முறை தேவைப்பட்டதற்குக் காரணம் அதன் எழுத்துக்கூட்டல். சீமோர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஒப்பாய்வில், பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளில் முதலாண்டு முடிவிலேயே பிள்ளைகள் எளிய சொற்களை ஏறக்குறையப் பிழையின்றிப் படித்தார்கள். ஆங்கிலம் கற்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 விழுக்காட்டுச் சொற்களையே சரியாகப் படித்தார்கள். வாசிப்பு ஆய்வே ஆங்கிலத்தை நடுவில் வைத்துச் சுழல்கிறது என்று டேவிட் ஷேர் 2008-இல் குறைகூறியதில் நியாயம் உண்டு. விதிவிலக்கான ஒரு நோய்க்குக் கண்ட மருந்தை எல்லோருக்கும் பொது உணவாக்கக் கூடாது.

ஆனால் அந்த மருந்தில் நமக்கு வேண்டிய ஒரு சரக்கு இருக்கிறது. அதுவும் நம் வீட்டுச் சரக்கு. எழுத்தின் பெயரையும் ஒலியையும் குழப்பாதே என்பது ஃபோனிக்ஸின் முதல் விதி. அகரம், ஆகாரம், ஐகான் என்று எழுத்தைச் சுட்டுவதற்கான சாரியைகளைத் தொல்காப்பியம் தனியே பிரித்துக் கூறுகிறது. அதாவது, பெயர் வேறு ஒலி வேறு என்ற தெளிவு அங்கேயே இருக்கிறது. இரண்டாவது விதி, மெய்யொலியைத் தூய்மையாகச் சொல் என்பது. ஆங்கில வகுப்பில் ஆசிரியர் 'ஸ, அ, ட' என்று சொல்லிக் கூட்டச் சொன்னால் பிள்ளையால் அந்த மூவொலிச் சொல்லை எட்டவே முடியாது. மெய்களின் வாலில் ஒட்டிய அகரம் வழிமறிக்கும். இந்திய எழுத்துமுறைகள் பலவற்றில் மெய்கள் கூட்டெழுத்துகளாகப் பின்னிக்கொள்கின்றன. தமிழ் மட்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் புள்ளியிட்டு மெய்யைத் தனித்து நிறுத்துகிறது. நம் பிள்ளைகள் க், ச், ட் என்பவற்றை 'இக், இச், இட்' என்று படிக்கிறார்கள். இதைப் பழைய பழக்கம் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இது மிகக் கூர்மையான உத்தியாகப் படுகிறது. துணையுயிர் முன்னால் போய்விடுவதால் மெய்யின் பின்பக்கம் காலியாக இருக்கிறது; அடுத்த உயிர் அங்கே வந்து ஒட்டலாம். ஆங்கில ஒலிகளையும் தொடக்கத்தில் புள்ளியிட்ட மெய்யாகவே காட்டினால் 'ஸ்' என்பதும் 'ட்' என்பதும் பிள்ளைக்குப் புதியவை அல்ல.

எழுதும்போது வரும் பிழைகளுக்கும் இதே பின்னணி உண்டு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே 'புக்' நம் வாயில் 'புக்கு' ஆகிறது. அந்த உகரத்தையும் சேர்த்துப் பிள்ளை ரூமியில் எழுதினால் கிடைப்பது 'பூக்கு', அதாவது புத்தகத்துக்கான மலாய்ச் சொல்! டச்சு மொழியிலிருந்து மலாய் கடன் வாங்கியது அது. ஆங்கில ஏட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் அச்சொல், அடுத்த பாடவேளையில் முழு மதிப்பெண் பெறும். குளுவாங் நகரையும் பாருங்கள். ரூமியின் பழைய வடிவம் முதல் இரு மெய்களையும் ஒட்டவைக்கிறது. புதிய வடிவம் இடையில் 'ஈ' (e) எழுத்தை நுழைக்கிறது. தமிழ் உகரத்தை நுழைக்கிறது. அடுக்கிய மெய்களை அவிழ்க்க ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழி. இதை முதலாம் ஆண்டுப் பிள்ளையிடமே விளையாட்டாகச் சொல்லலாம்.

தமிழ்ப் பாடத்துக்குள் ஒலிமுறை நுழையும்போது இரண்டு இடங்களில் தடுக்கி விழும். முதலாவது, ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக ஒலித்துக்கொண்டே போகலாம். 'கெ', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி கண்ணுக்கு முன்னால் வருகிறது, காதுக்குப் பின்னால் வருகிறது. 'கொ'வில் அது மெய்யை இருபுறமும் அணைத்துக்கொள்கிறது. எனவே உயிர்மெய்யை ஒரே முகமாகப் பார்க்கப் பழக்கிய பிறகே அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007-இல் எழுதிய கட்டுரை, எழுத்துகளைக் கற்பது அங்கே தொடக்க ஆண்டுகளைத் தாண்டியும் நீள்வதையும், ஒலியன் உணர்வு மெதுவாகவே வருவதையும் காட்டியது. அவசரம் வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அதற்காக 'க கா கி கீ' என்று வரிசையாக ஒப்பிப்பதை வாசிப்பு என்று நம்பிவிடக் கூடாது. நடுவிலிருந்து ஒரு 'கூ'வையோ 'து'வையோ சுட்டிக் கேட்டால்தான் உண்மை தெரியும்; உகர ஊகார வரிசைகளின் வடிவங்கள் ஓர் ஒழுங்கில் அடங்காதவை.

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. ஒலிமுறை வாயிலிருந்து எழுத்துக்குப் போகிறது. வீட்டில் 'வாளப்பளம்' என்று பேசும் பிள்ளை, தன் வாய்க்கு உண்மையாக எழுதினால் தப்பாகத்தான் எழுதும். ல, ள, ழ வேறுபாடு காதில் விழாதவரை எந்த முறையும் அதைக் கையில் வரவழைக்காது. பாலர் பள்ளியிலேயே, எழுத்துக்கு முன்பே, கதையாகவும் பாட்டாகவும் செந்தமிழ் ஒலிப்பு காதுக்குப் போக வேண்டும்.

மறுபுறம், தமிழ் கொடுக்கும் ஓர் ஆதாயம் வீணாகிறது. மலாயில் உயிரின் குறில், நெடில் பொருளை மாற்றுவதில்லை. மலேசிய ஆங்கிலப் பேச்சிலும் கப்பலுக்கும் செம்மறியாட்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு இகர ஈகார வேறுபாடு தாய்ப்பால். 'ஷிப்', 'ஷீப்' என்று கரும்பலகையில் ஒருமுறை எழுதிக்காட்டினால் போதும். ஆங்கில வகுப்பில் தமிழ் எழுத்தே கூடாது என்னும் கண்டிப்பு இங்கே பிள்ளைக்கு நட்டத்தைத்தான் தருகிறது. தமிழெழுத்தில் எழுதிப் படித்தால் ஆங்கில உச்சரிப்பு கெடும் என்னும் அச்சத்தை நான் அறிவேன். பகரச் சிக்கலைப் போன்ற இடங்களில் அது உண்மையும்கூட. அந்த இடங்கள் எவை என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் ஆசிரியரின் தொழில்.

தேவைப்படுவது புதிய பாடநூல் அல்ல. எந்த ஒலி மூன்று மொழிகளிலும் ஒன்று, எது தமிழில் ஓரெழுத்தாகி ரூமியில் இரண்டாகிறது, எந்த ரூமி எழுத்து மலாயில் ஒன்றும் ஆங்கிலத்தில் வேறொன்றுமாக ஒலிக்கிறது என்று காட்டும் ஒரே ஒரு தாள் போதும். மூன்று பாட ஆசிரியர்களும் ஆசிரியர் அறையில் ஒன்றாக உட்கார்ந்து அதை எழுத வேண்டும். ஜொகூரில் இரண்டு ஆசிரியர் கல்விக் கழக வளாகங்கள் இருக்கின்றன: ஒன்று ஜொகூர் பாருவில், மற்றொன்று பத்து பகாட்டில். அந்தத் தாளின் முதல் வரியாக இந்த இரண்டாவது ஊரின் பெயரையே எழுதிக்கொள்ளுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.