‘புஸ்’னு சத்தம், பிக்கப் இல்லை... டர்போ போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க! பூஸ்ட் லீக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருந்து ஈசிஆர் பிடித்து, காலாப்பட்டு, மரக்காணம் வழியாக சென்னைக்கு கிளம்புறீங்கனு வைச்சுக்கோங்க. ஊருக்குள்ளே கார் நல்லாத்தான் ஓடுது. சிக்னலில் நிற்கும்போதும் ஒரு குறையும் இல்லை. ஆனா முன்னாடி போற லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்சிலேட்டரை அழுத்தினா ‘புஸ்ஸ்...’னு ஒரு சத்தம், வண்டி இழுக்க மாட்டேங்குது. எதிரே பஸ் வருது.

ஒர்க்‌ஷாப் போனால் பல நேரம் முதலில் வரும் பதில், "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்". டர்போ மாற்றுவது பல ஆயிரங்களை விழுங்கும் வேலை. ஆனால் உண்மையான காரணம் ஒரு லூசான கிளாம்ப்பாகவோ, கிழிந்த ரப்பர் ஹோஸாகவோ இருக்கலாம். இதைத்தான் ‘பூஸ்ட் லீக்’ என்கிறார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பு இதை எப்படி உறுதி செய்வது? பார்க்கலாம்.

பூஸ்ட் லீக் என்றால் என்ன?

சைலன்சர் வழியாக வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். இதுதான் டர்போ. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்று தமிழ்நாட்டிலேயே டர்போ கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தின் நிசான் மேக்னைட், திருவள்ளூரின் சிட்ரோயன் சி3 இரண்டிலும் டர்போ பெட்ரோல் மாடல் உண்டு.

அழுத்தும்போது காற்று சூடாகும். அதனால் ‘இன்டர்கூலர்’ என்ற ரேடியேட்டர் போன்ற பாகத்தில் குளிர்ந்து, பிறகு இன்ஜினுக்குள் போகும். டர்போவில் இருந்து இன்ஜின் வரையிலான இந்த வழியில் எங்காவது காற்று வெளியேறினால் அதுதான் பூஸ்ட் லீக்.

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 32 பிஎஸ்ஐ. டர்போ பைப்பில் முழு வேகத்தில் ஏறக்குறைய அதில் பாதி அழுத்தம் இருக்கும். பழைய ரப்பர் ஹோஸுக்கு இது பெரிய சோதனை.

சிக்னலில் தெரியாதது ஏன்?

ஐடிலில் டர்போ கிட்டத்தட்ட காற்றை அழுத்துவதே இல்லை. பைப்பில் அழுத்தம் இல்லாதபோது ஓட்டை இருந்தாலும் காற்று வெளியேறாது. ஆக்சிலேட்டரை மிதித்து லோடு ஏறும்போதுதான் ஓட்டை வாயைத் திறக்கும். அதனால்தான் நிறுத்தி வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் வண்டி சமர்த்தாக நடந்துகொள்கிறது. ஈசிஆரில் காலை வாருகிறது.

என்னென்ன அறிகுறிகள்?

* ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் ‘புஸ்’ அல்லது விசில் சத்தம்
* பிக்கப் குறைவு, மேட்டில் திணறல்
* டீசல் காரில் கறுப்புப் புகை. டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காததால் முழுதாக எரியாமல் போவதே காரணம்
* மைலேஜ் குறைவு
* செக் இன்ஜின் லைட். ஸ்கேனரில் ‘பி0299’ என்று வந்தால், டர்போ அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று அர்த்தம்

கவனியுங்கள்: ‘பி0299’ வந்தாலே டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அழுத்தம் குறைவு என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் குறைவு என்று சொல்லாது.

நீங்களே பார்க்கக்கூடியவை

1. இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு பானெட்டைத் திறங்கள். டர்போ பக்கம் சூடு அதிகம். அவசரப்பட்டு கை வைக்காதீர்கள்.

2. ஹோஸ்களின் இணைப்புகளில் வெளிப்பக்கம் எண்ணெய்க் கசிவோடு தூசி ஒட்டிய கறுப்புத் தடம் இருக்கிறதா? பைப்புக்குள் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். காற்று வெளியேறும் இடத்தில் அந்த எண்ணெயும் சேர்ந்து வெளியே வந்து தடம் போடும். காட்டிக் கொடுக்கும் முதல் சாட்சி இதுதான்.

3. ஹோஸின் அடிப்பக்கத்தையும் வளைவுகளையும் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே நல்லாத் தெரியும் ஹோஸ் கீழே வெடித்திருக்கலாம்.

4. கிளாம்ப்களை அசைத்துப் பாருங்கள். கருவடிக்குப்பம் மாதிரி கடலுக்குப் பக்கத்து ஊர்களில் உப்புக்காற்றால் கிளாம்ப் துருப்பிடிப்பது சீக்கிரம். பல நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள்.

5. இன்டர்கூலரின் இரு ஓரமும் பல கார்களில் பிளாஸ்டிக். அது உலோகத்தோடு சேரும் இடத்தில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனர் என்ன சொல்லும்?

போனோடு இணையும் சின்ன ஓபிடி கருவி போதும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், மேனிஃபோல்டு அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் உள்ள புதுச்சேரியில் வெளிக்காற்றின் அழுத்தமே அதுதான். இந்த எண்ணே தப்பாக வந்தால் சந்தேகம் முதலில் சென்சார் மேல்.

பிறகு காலியான சாலையில், மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அந்த எண் வேகமாக ஏற வேண்டும். எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். இன்ஜின் கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஸ்கேனர் என்றால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் காற்று எங்கோ போகிறது, அல்லது டர்போவால் தள்ள முடியவில்லை. ஸ்கேனரை பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.

முடிவு சொல்லும் பிரஷர் டெஸ்ட்

இது ஒர்க்‌ஷாப் வேலை. டர்போவுக்கு காற்று வரும் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதன் வழியே கம்ப்ரசர் காற்றை ரெகுலேட்டர் வைத்து மெல்ல ஏற்றுவார்கள். 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை போதும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், பஞ்சர் கடையில் ட்யூப்பைத் தண்ணீரில் முக்கும்போது வருவது போல குமிழி வரும். சில ஒர்க்‌ஷாப்களில் புகை செலுத்தியும் பார்ப்பார்கள்.

இன்ஜின் ஆயில் பகுதியில் இருந்து டர்போ வாய்ப்பக்கம் வரும் பிரீதர் பைப்பையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் உள்ளே ஏறி ஆயில் சீல் பிதுங்கிவிடும். இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் செய்யுங்கள். எரியக்கூடிய ஸ்பிரேயை சூடான இன்ஜினில் அடித்து லீக் தேடும் பழக்கம் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

லீக்கே இல்லை என்றால்?

டர்போவைக் கட்டுப்படுத்தும் சின்ன வேக்குவம் ட்யூப், சோலனாய்டு, அடைத்த ஏர் ஃபில்டர், திறந்தபடி சிக்கிய இஜிஆர் வால்வு ஆகியவற்றை அடுத்து பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டர்போ.

டர்போவே கெட்டிருந்தால் அறிகுறி வேறு: நீலப் புகை, ஆயில் வேகமாகக் குறைவது, சைரன் போன்ற ஊளை. இப்படி இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து உண்டு.

அப்படியே ஓட்டலாமா?

கூடாது. பல கார்களில், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லும். இன்று ஒரு கிளாம்ப்போடு முடிய வேண்டிய செலவு, நாளை நிஜமாகவே டர்போ செலவாகலாம். டேப் சுற்றுவதும் எம்-சீல் ஒட்டுவதும் இந்த அழுத்தத்தில் நிற்காது. வாரண்டி இருந்தால் நீங்களே எதையும் கழற்றாதீர்கள்.

அடுத்த முறை "டர்போ மாத்தணும்" என்று சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: "பிரஷர் டெஸ்ட் பண்ணீங்களா? லீக் எங்கேன்னு காட்டுறீங்களா?" பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.