மூடுபனியில் தரை தேடிய விமானங்கள்



விமானத்தை வானில் எழுப்புவதிலும் அதனைப் பழுதின்றித் தரையிறக்குவதே அரிது. தெளிந்த பகற்பொழுதில் விமானி தம் கண்ணை நம்பி இறங்கலாம். மூடுபனியோ அடைமழையோ ஓடுபாதையை மறைத்துவிட்டால் அவர் எதனை நம்புவது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு நமது பாடநூல்களில் இடம்பெறுவது அரிது. போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் நாம் ஒதுக்கும் பக்கங்களுள் ஒன்றிரண்டையேனும் இதற்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

முகிலினுள் புகுந்த விமானியை முதலில் ஏமாற்றுவது அவருடைய உடலே. காதினுள் அமைந்த சமநிலையுறுப்பு, திருப்பம் தொடங்குவதை உணரும். அத்திருப்பம் ஒரே சீராக நீடிக்குமாயின் சிறிது நேரத்தில் அதனை உணராது விட்டுவிடும். சாய்ந்து வட்டமிடும் விமானத்தில் இருப்பவர் தாம் நேரே செல்வதாகவே எண்ணுவார். அடிவானம் தெரியும்வரை இக்குறை வெளிப்படாது. அது மறைந்த பின்னரோ, உடல் சொல்வதைத் தள்ளிக் கருவி சொல்வதைக் கொள்ளுதல் வேண்டும்.

1929 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 24 ஆந் திகதி, நியூயோர்க்கை அடுத்த மிச்சல் விமானத்தளத்தில் இது செய்து காட்டப்பட்டது. ஜேம்ஸ் டூலிற்றில் என்னும் படை விமானி, தம் இருக்கையை முற்றாக மூடிக்கொண்டு, வெளியே எதனையும் காணாமலே எழுந்து, சுற்றி வந்து, அதே தளத்தில் இறங்கினார். பறப்பு 15 நிமிடமே. முன்னிருக்கையில் பென்ஜமின் கெல்சி என்பார் ஆபத்துக்கு உதவவென அமர்ந்திருந்தார். தாம் எதனையும் தொடவில்லை என்பதைக் கீழிருந்தோர் காணும்படி தம் கைகளை வெளியே வைத்திருந்தார் என்பர். டூலிற்றிலுக்கு வழிகாட்டியவை கோல்ஸ்மன் ஆக்கிய நுண்ணிய உயரமானி, பம்பரத்தின் தத்துவத்தில் இயங்கும் செயற்கை அடிவானம், திசைகாட்டும் சுழற்கருவி, தரையிலிருந்து வந்த வானொலி அலை ஆகியவையாம்.

அவ்வலை எவ்வாறு வழிகாட்டும்? வானொலி கேட்கும் உங்களுக்கு இதனை விளக்குதல் எளிது. 1930களில் ஜேர்மனியின் லோரன்ஸ் நிறுவனம் அமைத்த முறையில், விமானி பாதையின் ஒரு பக்கம் விலகினால் காதிற் குற்றொலிகள் கேட்கும். மறுபக்கம் விலகினால் நெட்டொலிகள் கேட்கும். நடுவே வந்ததும் இரண்டும் ஒன்றையொன்று நிரப்பி இடையறாத ஓரொலியாகிவிடும். பின்னர் அமெரிக்காவில் வளர்ந்த முறை, காதின் வேலையைக் கண்ணுக்கு மாற்றியது. ஓரலை இடம் வலம் காட்டும். மற்றோரலை ஏறத்தாழ 3 பாகை சரிவில் எழுந்து, இறங்கும் வழியைக் காட்டும். இரு முட்களும் கருவியின் நடுவில் ஒன்றையொன்று வெட்டி நிற்குமாறு விமானி செலுத்தினால் ஓடுபாதையின் வாயிலுக்கு வந்து சேர்வார். 1938 ஜனவரி 26 இல் பயணிகள் விமானமொன்று பனிப்புயலினூடே பிற்ஸ்பர்க் நகரில் இம்முறையால் இறங்கியது.

எனினும், அடுத்து வந்த பெரும் போரில் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றுக்கு இத்தகைய துணை வாய்க்கவில்லை. 1943 டிசெம்பர் 16 ஆந் திகதி இரவு பேர்லினைத் தாக்கித் திரும்பியவை, தம் சொந்தத் தளங்களை மூடுபனி மூடியிருக்கக் கண்டன. எதிரியால் வீழ்த்தப்பட்டவை 25; தாய்நாட்டின் வானில் வழிகாணாது வீழ்ந்தவையும் கைவிடப்பட்டவையும் 30 வரையில். திரும்பி வந்தபின் மாண்டோர் ஏறத்தாழ 150 பேர். அவர்கள் ஒரு நகரைக் குண்டு வீசி எரிக்கச் சென்றவர்கள் என்பதை மறந்து நான் பேசவில்லை. ஆயினும், வீட்டு வாயிலில் வந்து மடிந்த அவ்விளைஞர்களை எண்ணும்போது நெஞ்சு கனக்கவே செய்கிறது.

ஓடுபாதையின் இருமருங்கும் குழாய்களிற் பெற்றோலை எரித்துப் பனியை விரட்டும் ஏற்பாடும் அக்காலத்ததே. பீடோ எனப்பட்ட அம்முறையால் ஏறத்தாழ 2,500 விமானங்கள் இறங்கின. எரிபொருட் செலவோ அளவு கடந்தது. போர்க்காலத்துக்கன்றி வேறெக்காலத்துக்கும் ஒவ்வாதது.

இன்னொரு வழி மனிதக் குரல். லூயி அல்வாரெஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த முறையில், தரையிலிருப்பவர் ரேடார்த் திரையிற் பார்த்து, "சற்று இடப்புறம், இன்னும் சிறிது கீழே" என விமானிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். இங்கிலாந்தில் இக்கருவியுடன் பணியாற்றிய வான்படை அதிகாரிகளுள் ஒருவர் ஆதர் சி. கிளார்க். 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையையே வாழிடமாகக் கொண்ட அதே எழுத்தாளர்தாம். 1963 இல் வெளிவந்த அவரது 'கிளைட் பாத்' என்னும் நாவல் இவ்வனுபவத்திற் பிறந்தது. 1948 இல் பேர்லின் முற்றுகையிடப்பட்டபோது, உணவும் நிலக்கரியும் ஏற்றிய விமானங்களை இக்குரலே இறக்கியது. ஐந்தாண்டுகளுக்கு முன் குண்டுகள் வீழ்ந்த அதே நகரம்! முதல் முயற்சியில் இறங்கத் தவறிய விமானம் மீண்டும் முயலாது, சுமையோடு புறப்பட்ட தளத்துக்கே திரும்புதல் வேண்டும் என்பது அங்கு விதி.

குரலா, முள்ளா என்னும் வாதம் போரின் பின் எழுந்தது. உலக நாடுகளின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு முள்ளையே நியமமாக ஏற்றது. அம்முள்ளின் சைகையைத் தன்னியக்கச் செலுத்தியுடன் இணைத்தபோது மனிதக் கையும் வேண்டாததாயிற்று. 1965 ஜூன் 10 இல், பாரிஸிலிருந்து இலண்டன் வந்த டிரைடன்ற் விமானம், பயணிகளுடன் தானாகவே தரையைத் தொட்டது. அவ்வகை விமானத்தில் ஒரே வேலையை மூன்று தொகுதிகள் செய்யும்படி அமைத்தனர். ஒன்று பிழைத்தால் மற்றை இரண்டும் அதனை ஒதுக்கிவிடும்.

ஆனால், அலைகள் வழிகாட்டுவது ஓடுபாதையை அண்மித்த விமானத்துக்கு மட்டுமே. அவ்வெல்லையை அடையுமுன் தாம் இருக்குமிடத்தை விமானி வேறு வழிகளால் அறிதல் வேண்டும். 1974 டிசெம்பர் 4 ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக் கட்டுநாயக்காவை நாடி வந்த விமானம், தன் இடத்தைப் பிழையாகக் கணித்து உரிய காலத்துக்கு முன் தாழ்ந்தது. மஸ்கெலியாவை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதியது. விமான நிலையத்துக்கு இன்னும் ஏறத்தாழ 40 கடல்மைல் இருந்தது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர்.

இத்தகைய விபத்துகளைத் தடுக்கவெனக் கனடாவிற் பிறந்த பொறியியலாளர் டொன் பேற்மன் அமைத்த எச்சரிக்கைக் கருவி, அதன் பின்னர் பெரிய பயணிகள் விமானங்களிற் கட்டாயமாக்கப்பட்டது. நிலம் நெருங்குவதை அது வானொலி அலையால் அளந்தறியும். ஆபத்து முற்றினால் முள்ளை அசைத்துக் காட்டுவதோடு நில்லாது, விமானத்தை மேலே எழுப்புமாறு விமானியின் செவியில் உரத்த குரலிற் சொல்லும்.