தலைநகர் கட்டிய குடும்பம் – 4: வாசலில் ஓடிய ரயில்

புது டெல்லிக்கென நாட்டிய அந்த இரண்டு அடிக்கல்லையும் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்துப் போனது யார் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். சோபா சிங்தான்.

1911 டிசம்பர் 15-இல் ஜார்ஜ் மன்னரும் ராணியும் கல் நாட்டிய இடம் ஒன்று. பிறகு நகரம் எழத் தேர்வானதோ ரைசினா குன்று. மன்னர் வைத்த கல்லைப் பட்டப்பகலில் பிடுங்க முடியுமா? பதினோரு மைல் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு அப்பாவுக்குக் கிடைத்த கூலி 16 ரூபாய் என்று எழுதியிருக்கிறார் மகன் குஷ்வந்த் சிங்.

பதினாறு ரூபாய்க்காக வந்த குடும்பமில்லை இது. சோபா சிங்கின் தந்தை சுஜான் சிங், கல்கா - சிம்லா மலை ரயில் வேலையில் காண்ட்ராக்ட் எடுத்துக் காசு பார்த்தவர். பஞ்சாபின் ஹடாலி கிராமத்துக்காரர். அவ்வளவு இருந்தும் புது டெல்லியில் அவர்களுடைய முதல் வீடு ஒரு கொட்டகை! ஓல்டு மில் ரோட்டில், அதாவது இன்றைய ரஃபி மார்க்கில். பதர்பூரிலிருந்து கல்லும் மணலும் ஏற்றிவந்த குட்டி ரயில் அதன் வாசலைத் தொட்டபடி ஓடும். மெதுவாகத்தான் போகும். வீட்டுப் பிள்ளைகள் தாவி ஏறி கன்னாட் பிளேஸ் வரை ஓசிச் சவாரி போவார்கள்.

அந்த கன்னாட் பிளேஸில் அன்று மனை சதுர கஜம் 2 ரூபாய். காட்டை யார் வாங்குவார்கள் என்று மற்றவர்கள் ஒதுங்க, சோபா சிங் வாங்கிக்கொண்டே இருந்தார். சவுத் பிளாக், இந்தியா கேட் என்று கட்டிக்கொண்டும் இருந்தார். கொட்டகை போய் ‘வைகுண்ட்’ என்ற மாளிகை வந்தது. 1945-இல் தந்தை பெயரில் சுஜான் சிங் பார்க் அடுக்குமாடிகள் எழுந்தன. பாதி டெல்லிக்குச் சொந்தக்காரர் என்று ஊர் பேசியது.

(தம்பி உஜ்ஜல் சிங்கை நமக்குத் தெரியும். 1967-இல் அண்ணாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த ஆளுநர்!)

ஆனால் பஞ்சாபில் இன்றும் சிலர் சோபா சிங் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பதற்குக் காரணம் வீடோ மனையோ அல்ல.

1929 ஏப்ரல் 8. டெல்லி மத்திய சட்டசபை. மசோதா ஒன்றின் மீது தீர்ப்புச் சொல்ல அவைத்தலைவர் விட்டல்பாய் படேல் எழுகிறார். மேலே பார்வையாளர் மாடத்தில் சோபா சிங் உட்கார்ந்திருக்கிறார். அதே மாடத்தில் இரண்டு இளைஞர்களும் எழுகிறார்கள். ஒருவர் கை பைக்குள் போகிறது…

(தொடரும்)