கஞ்சி: வடித்ததும் வார்த்ததும்

ஒரே வீட்டுக்குள் 'கஞ்சி'க்கு மூன்று பொருள் உண்டு. சோறு வடிக்கையில் பானையிலிருந்து இறங்கும் கொழகொழத்த நீர் கஞ்சி. நொய்யரிசியைக் குழையக் காய்ச்சி உப்புப் போட்டுக் குடிப்பதும் கஞ்சி. பருத்திச் சேலை விறைப்பாக நிற்கப் போடுவதும் கஞ்சிதான்.

இவற்றில் வடித்த நீரே மூத்த பொருளாகத் தோன்றுகிறது. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடுகிறது. எருதுகள் பொருது அதைச் சேறாக்குகின்றன. தேர்கள் ஓடி ஓடி அந்தச் சேறு புழுதியாகிறது. அங்கே கஞ்சி யாருக்கும் உணவில்லை. வேண்டாமென்று ஊற்றிய நீர். அதைக் கொட்டாமல் குடித்த ஏழைகள்தாம் இந்தச் சொல்லை உணவுப் பக்கம் இழுத்து வந்திருக்க வேண்டும்.

மலையாளத்தில் இது 'கஞ்ஞி'. தெலுங்கும் கன்னடமும் துளுவும் முதலெழுத்தை அதிர்த்துக் 'கஞ்சி' என்கின்றன. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றை ஓரினமாகச் சேர்த்திருக்கிறது. வடமொழியில் 'காஞ்சிகம்' என்றால் புளித்த கஞ்சி, அதாவது நம் காடி. ஆனால் வடமொழிக்கு இந்த உணவைக் குறிக்க வேறொரு பழஞ்சொல் உண்டு: 'யவாகு'. 'யவம்' என்றால் வாற்கோதுமை. பானைக்குள் அரிசி வந்த பிறகும் பெயரில் வாற்கோதுமை தங்கிவிட்டது. சரக சங்கிதை 28 வகை யவாகுவைச் சொல்கிறது, பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு.

பாலி மொழியில் அதே சொல் 'யாகு'. விநயபிடகத்தின் மகாவக்கத்தில், துறவிகள் கஞ்சி குடிக்கப் புத்தர் இசைவு தருகிறார். அதன் பத்து நன்மைகளையும் எண்ணிச் சொல்கிறார்: ஆயுள், நிறம், சுகம், வலிமை, அறிவு, பசி தீரும், தாகம் தணியும், வாயு ஒழுங்காகும், சிறுநீர்ப்பை சுத்தமாகும், செரியாதது செரிக்கும். துறவிக்கான விதியும் வைத்தியரின் குறிப்பும் அங்கே ஒரே பேச்சில் வருகின்றன.

கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட நூலில், மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரை நோயாளிக்குக் கொடுப்பதைக் குறித்து, அதன் பெயர் 'கஞ்ஜெ' என்கிறார். இன்று போர்த்துகீசிய மொழியில் 'கான்ஜா' என்றால் அரிசி போட்ட கோழி சூப். எளிதாக முடியும் வேலையையும் பேச்சுவழக்கில் 'கான்ஜா' என்பார்கள். அதே சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'காஞ்ஜி' ஆனது. ஹாங்காங் உணவகத்துச் சீனக் கஞ்சிக்கும் இன்று ஆங்கிலப் பெயர் அதுதான். கம்பெனிக் காலத்துப் பட்டாளத்தில் 'காஞ்ஜி ஹவுஸ்' என்றால் சிப்பாய்களை அடைக்கும் கொட்டடி. உள்ளே போனவனுக்குக் கிடைத்தது கஞ்சி மட்டும்.

நோயாளிக்குக் கஞ்சி ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நிறையத் தண்ணீரில் வெகுநேரம் கொதிக்கும்போது அரிசியின் மாவுச்சத்து வீங்கி உடைந்து, குடலுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது. அது குளுக்கோசாகப் பிரிய, கூடவே உப்பும் இருந்தால், குடல் இரண்டையும் சேர்த்து உறிஞ்சும். பின்னாலேயே தண்ணீரும் உடம்புக்குள் போகும். வாந்திபேதிக்கு உப்புக் கஞ்சி கொடுத்த பாட்டியின் கை இதைத்தான் செய்தது. அதே வேகம் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது. வெள்ளரிசிக் கஞ்சி ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். இயற்கை உணவு என்பதாலேயே எல்லோருக்கும் அது மருந்தாகிவிடாது.

இந்தச் சொல்லோடு வரும் வினையையும் பார்க்க வேண்டும். சோற்றைப் 'போடு'கிறோம், கஞ்சியை 'ஊற்று'கிறோம். கோயில் வழக்கில் 'வார்க்கிறோம்'. "கடைசிக் காலத்துல ஒரு வாய் கஞ்சி ஊத்துவான்" என்று பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே கஞ்சி என்பது பராமரிப்பு முழுவதற்கும் பெயர். பஞ்ச காலத்தில் ஊரார் வரிசையில் நின்ற இடம் 'கஞ்சித்தொட்டி'. ஆடிப்பூரத்தில் மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டியவர்கள் தலையில் சுமந்து போவது 'கஞ்சிக்கலயம்'. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் சித்திரா பௌர்ணமியன்று வார்ப்பது 'சித்திரைக் கஞ்சி'.

ரமலானில் தமிழ்நாட்டுப் பள்ளிவாசலின் பின்கட்டுக்குப் போனால் இப்படிக் கஞ்சி வார்ப்பது கண்ணெதிரே நடக்கும். மதியத் தொழுகை முடிந்ததும் தேக்சா அடுப்பில் ஏறும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, புதினா, தக்காளி வதங்கும். பிறகு அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் விழும். வசதிப்பட்டால் கொத்துக்கறியும் சேரும். இறக்கும்போது தேங்காய்ப்பால். அஸர் தொழுகை நேரத்தில் தெருவே தூக்குவாளியோடு வந்து நிற்கும். நோன்பில்லாத வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் இருப்பார்கள். நோன்புக் கஞ்சிக்கென்றே தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு ஆண்டுதோறும் அரிசி தருகிறது. நாளெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு முதலில் நீர்த்த சூடான உணவு என்பது உடம்பின் நியாயம். பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே தேக்சாவிலிருந்து குடிப்பது நோன்பின் நியாயம்.

2009இல் ஈழப்போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் குண்டுமழைக்கு நடுவே சனம் உயிர் பிடித்திருந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த கஞ்சியில். ஒவ்வொரு மே மாதமும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் அதே கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கூடுதலாக ஒன்றும் சேர்ப்பதில்லை. சுவை கூட்டினால் நினைவேந்தல் பொய்யாகிவிடும்.

யவாகுவுக்கு 28 செய்முறை இருந்தும் அந்தச் சொல் நம் அடுப்படிக்கு வரவில்லை. கஞ்சிதான் நிலைத்தது. ஏழை வீட்டில் வேறு வழியில்லாமல் குடித்ததை, வழியிருக்கிறவரும் நேர்ந்துகொண்டு குடித்தார்கள். குடித்ததோடு விடாமல் அடுத்தவருக்கும் வார்த்தார்கள். இன்று 'சத்துமாவுக் கஞ்சி' என்று பொட்டலத்தில் விற்பதில் தானியக் கணக்கு இருக்கிறது. வார்க்கிற கைக்கு மட்டும் அதில் இடமில்லை.