தோடர் பூவேலையும் இன்றைய ஆண்கள் உடையும்

பழங்குடி மரபிலிருந்து ஆண்களுக்கு உடை வடிவமைக்க நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளியை. ஆணும் பெண்ணும் தோளைச் சுற்றிப் போர்த்தும் இந்தத் துணியைத் தோடர்கள் நெய்வதில்லை. வெளியே நெய்த பருத்தித் துணியை வாங்கி, சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் பூவேலை செய்கிறார்கள். சட்டகம் கிடையாது; துணியில் முன்கூட்டி வரைந்துகொள்வதும் இல்லை. பாவு இழையையும் ஊடை இழையையும் எண்ணி எண்ணியே ஊசி நகர்கிறது. அதனால்தான் எருமைக் கொம்பு போன்ற உருவங்கள் கோணம் கோணமாக விழுகின்றன, துணியை இரு புறமும் திருப்பிப் போர்த்த முடிகிறது. உருவத்தைத் தந்தது செய்முறை என்றால், உருவத்தை மட்டும் படமெடுத்துச் சட்டையில் அச்சடிப்பது அந்த மரபைத் தொட்டதாகாது.

தையலிலும் இது தெரியும். இழை எண்ணத் தோதான தளர்ந்த நெசவு, உடம்பை இறுக்கும் சட்டைக்கு ஏற்றதன்று. தையல் வாயில் இழுபடும். பூவேலைப் பட்டையின் குறுக்கே கத்தரி வைத்தால் பல நாள் உழைப்பு வீண். நேர்வெட்டாக, மூட்டுக் குறைவாக அமைந்த மேலங்கி, கையில்லா அங்கி, கழுத்துத்துண்டு இவையே பொருந்தும்.

உடை என்றாலே கொடுக்கல் வாங்கல்தான், வேட்டிக்கு மேல் சட்டை வந்ததும் அப்படித்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோடர்களும் துணியை வெளியாரிடமே வாங்குகிறார்கள், ஆனால் விலை கொடுத்து. கைவேலை விலை கூடியது என்பதும் மெய். பைவாயிலோ கழுத்துப்பட்டியிலோ ஒரு சிறு பட்டை போதுமே. மலிவு அச்சு அவர்களின் பிழைப்பைத்தான் பறிக்கும். 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். பெயரை மாற்றி உருவத்தைத் திருடுபவரைத் தடுக்க அது போதாது. இறந்தவரைப் போர்த்தும் துணியும் இதுவே என்பதால், எது சந்தைக்கு வரலாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையதே.

கைவினையை மதித்து அதைச் செய்பவரை ஒதுக்கும் போக்குக்கு ஜப்பானின் ஐனு மக்களும் ஆளானவர்களே. எல்ம் மரத்தின் உள்பட்டையை நூலாக்கி நெய்யும் நிபுதானி அத்துஷ் துணியை, அதே 2013இல் அரசு மரபுக் கைவினையாக ஏற்றது. 1899ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐனு வாழ்முறையை அழிக்க முயன்ற அரசு, அவர்களைப் பூர்வகுடிகள் என்று சட்டத்தில் எழுதியது 2019இல்தான். ஆளை ஒதுக்கிவிட்டு அலங்காரத்தை மட்டும் எடுப்பது எத்தனை கொடுமை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சாரத்துக்கும் சட்டைக்கும் புதுக் கரை தேடும் இளையோர், தோடர் உருவத்துக்கு அச்சுக்கட்டை வெட்டவேண்டாம். அந்தப் பெண்களிடமே பட்டை தைத்து வாங்குங்கள். அவர்கள் சொல்லும் கூலியைக் கொடுங்கள். உடையில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.