சீட்டாட்டம்: அதிர்ஷ்டமா? திறமையா?



சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்குச் சம்பள நாள் இரவு நினைவிருக்கும். லயத்து வாசலில் சாக்கு விரித்து, நடுவில் விளக்கை வைத்துச் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். தோற்றவர், "இன்னைக்குச் சீட்டு சரியா விழலப்பா" என்பார். ஜெயித்தவரோ, "ஆடத் தெரியணும்டா!" என்பார். இன்று அந்தச் சீட்டுக்கட்டு கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. வாக்குவாதம் மட்டும் தீரவில்லை. அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பாரதத்தில் வரும் நளன் கதையிலேயே இது உண்டு. சூதில் நாட்டை இழந்த நளன், அயோத்தி மன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்ற பிறகே இழந்ததை மீட்டான். வள்ளுவரோ சூதுக்கென்று தனி அதிகாரமே வகுத்து, வெற்றி கிடைப்பதாக இருந்தாலும் அதன் பக்கம் போகாதே என்று எச்சரித்தார்.

நம் காலத்தில் இக்கேள்வி உள்ள வழக்கு ஒன்றில் 1967-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செகந்தராபாத் கிளப் ஒன்றில் பணம் வைத்து ரம்மி ஆடியதாகப் போடப்பட்ட வழக்கு அது. 'மூன்று சீட்டு' போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல. விழுந்த சீட்டை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்யத் திறமை வேண்டும் என்றது தீர்ப்பு. அதே வேளையில், ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணினியில் சீட்டைக் கலைப்பது யார்? கணக்குத்தான்! 1938-இல் பிஷர், யேட்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர்கள் வெளியிட்ட முறையே இதற்கு அடிப்படை. மிச்சமுள்ள சீட்டுகளில் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்து ஒதுக்க வேண்டும். கட்டு தீரும்வரை இப்படியே செய்ய வேண்டும். 52 சீட்டுகளை அடுக்கும் வகைகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. ஆனால், சாதாரணக் கணினி நிரல் ஒரு தொடக்க எண்ணைக் கொண்டே மற்ற எண்களை வரவழைக்கும். அந்த எண் தெரிந்துவிட்டால் கட்டே தெரிந்துவிடும்.

1999-இல் இது அம்பலமானது. இணையத்தில் போக்கர் ஆட உதவிய நிரல் ஒன்று, கடிகார நேரத்தைத் தொடக்க எண்ணாக வைத்திருந்தது. ஒரு நாளில் இருப்பது 8 கோடியே 64 லட்சம் மில்லி வினாடிகள்தாம். அமெரிக்க நிபுணர்கள் அதைக் கணக்கிட்டு, எதிராளி கையிலிருந்த சீட்டை ஆட்டம் நடக்கும்போதே கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

பணம் வைக்காத ஆட்டமும் கணினியில் உண்டு. விண்டோசில் வந்த 'ப்ரீசெல்' ஆட்டத்தில் எல்லாச் சீட்டும் முகம் காட்டிக் கிடக்கும். 1990-களில் ஆர்வலர்கள் அதன் 32,000 ஆட்டங்களையும் பங்கு போட்டு ஆடினார்கள். யாராலும் முடிக்க முடியாமல் நின்றது 11982-ஆம் ஆட்டம் ஒன்றே. அங்கே தோற்றால் பழி நம்முடையது. ஆனால் நட்டம் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணத்தை இழந்து உயிரையே மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டே ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் மீண்டும் சட்டம் வந்தது. 2023-இல் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று நீதிமன்றம் அவற்றை விலக்கியது. கடைசியில், 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டமே கூடாது என்று சட்டம் இயற்றியது. நம் மலேசியாவிலோ 1953-ஆம் ஆண்டுச் சட்டமே, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தையும் பணம் வைத்து ஆடினால் சூது என்கிறது.

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்கு. நால்வர் ஆளுக்குப் பத்து வெள்ளி வைத்து ஆடுகிறார்கள். ஆட்டம் நடத்துபவர் ஆட்டத்துக்கு நான்கு வெள்ளி எடுத்துக்கொள்கிறார். பத்து ஆட்டத்தில் அவருக்குப் போவது எவ்வளவு? நாற்பது வெள்ளி! அதாவது, நால்வரும் கொண்டுவந்த மொத்தப் பணம். நால்வருமே கெட்டிக்காரர்களாக இருந்தாலும் விடை மாறாது. யார் முதலில் வெறுங்கையோடு எழுவார் என்பதை மட்டுமே திறமை தீர்மானிக்கும்.

ஆகவே, "திறமை இருந்தா ஜெயிக்கலாம்" என்று யாராவது தொலைபேசியை நீட்டினால், "நடத்துறவருக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பாடுபட்டுச் சேர்த்த சம்பளம் வீடு வந்து சேரட்டும்!